மெட்ரோ சுரங்கத்தின் போல்ட்டுகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும் நாளில் படத்தோடு செய்தி வருகிறது. அதன் பிறகு அதே சுரங்கத்துக்குள் மாதக்கணக்கில் நடக்கும் வேலையைப் பற்றி ஒரு வரி கூட வருவதில்லை. மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், அதில் கணிசமான பகுதி நிலத்தடியில் ஓடுகிறது. அந்தக் குழாய்களின் உட்சுவரில் 33 கிலோவோல்ட் கேபிள், சிக்னல் கேபிள், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், விளக்கு, அவசரத்தில் இறங்கி நடக்கும் நடைமேடை, அதன் கைப்பிடி, ரயிலுக்கு 25 கிலோவோல்ட் மின்சாரம் தரும் மேல்நிலைக் கடத்தி என்று எல்லாமே மாட்டப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தாங்குவது, கான்கிரீட்டில் துளை போட்டு இறுக்கிய விரல் தடிமன் போல்ட்டுகள். மாட்டி முடித்த பிறகு அவற்றின் முக்கால் பாகம் யார் கண்ணிலும் படாது.

கண்ணில் படாதது எப்படிக் கைவிடும் என்பதற்கு உலகறிந்த உதாரணங்கள் இரண்டு. 2006 ஜூலை 10 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நெடுஞ்சாலைச் சுரங்கம் ஒன்றின் கூரைப் பலகைகள் ஓடிக்கொண்டிருந்த கார் மேல் விழுந்தன. கான்கிரீட்டும் இரும்புமாகச் சுமார் 26 டன். காரில் இருந்த பெண் இறந்தார். அந்தப் பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் எபாக்ஸிப் பசையால் கூரையில் ஒட்டப்பட்டவை. பொருத்திய காலத்தில் இழுத்துப் பார்க்கும் சோதனையில் அவை தேறியவைதான். ஆனால் பயன்பட்டது சீக்கிரம் இறுகும் வகைப் பசை. சில நிமிடம் இழுத்தால் தாங்கும். வருடக்கணக்கில் இடைவிடாமல் இழுத்தால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நழுவும். தார் உருண்டையைச் சுத்தியலால் தட்டினால் உடைகிறது, மேசையில் விட்டு வைத்தால் தானாகப் பரவுகிறது அல்லவா, அதே குணம். இதைவிட வருத்தம், 1999-லேயே அதே திட்டத்தின் வேறொரு பகுதியில் சில போல்ட்டுகள் வெளியே நழுவியதைப் பார்த்திருக்கிறார்கள். அவற்றை மாற்றி, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். ஏன் நழுவியது என்று தேடவில்லை.

இரண்டாவது ஜப்பானின் யமனாஷி மாகாணத்தில் உள்ள சசாகோ சுரங்கம். 1977-இல் திறந்தது, நீளம் 4.7 கிலோமீட்டர். 2012 டிசம்பர் 2 காலையில், காற்றோட்ட வழிக்காக உச்சியிலிருந்து தொங்கவிட்டிருந்த கான்கிரீட் பலகைகள் நூறு மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வரிசையாகச் சரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல். ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கேயும் பசை போட்ட ஆங்கர்தான் (கான்கிரீட்டில் துளை போட்டுப் பதிக்கும் போல்ட்டை இப்படிச் சொல்வோம்). வடிவமைப்பு, பொருத்திய விதம், பொருளின் மூப்பு, பரிசோதனை ஆகிய எல்லாமே குறைபட்டவை என்றது அரசின் விசாரணைக் குழு. உச்சியில் இருந்த போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சோதனை 2000-க்குப் பிறகு நடக்கவில்லை. எட்டாத உயரத்தில் இருந்தவற்றைக் கீழேயிருந்து கண்ணால் பார்த்ததோடு சரி. மிச்சமிருந்த பலகைகளைக் கழற்றிவிட்டுத்தான் சுரங்கத்தைத் திரும்பத் திறந்தார்கள்.

மெட்ரோ சுரங்கத்தில் அப்படிப்பட்ட கூரைப் பலகைகள் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் சுமைகள் சிறியவை. ஆனால் அதை வைத்து ஆறுதல் அடைய முடியாது. தீயணைப்புக் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 150 மில்லிமீட்டர் இரும்புக் குழாய், தண்ணீர் நிரம்பிய நிலையில், மீட்டருக்கு 38 கிலோ அளவில் இருக்கும். மூன்று மீட்டருக்கு ஒரு தாங்கி என்றால் ஒவ்வொன்றின் மேலும் 114 கிலோ. தாங்கி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதால் இந்த எடை மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவையாக மாறுகிறது. ஒரு தாங்கி விட்டால் அதன் பங்கு இரண்டு பக்கத்துத் தாங்கிகளுக்கும் போகும். பாஸ்டனிலும் சசாகோவிலும் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தது இந்தக் கணக்கில்தான்.

சென்னைச் சுரங்கக் குழாயின் உள்விட்டம் 5.8 மீட்டர், கான்கிரீட் உறையின் தடிமன் 275 மில்லிமீட்டர். தொழிற்சாலையில் வார்த்த வளைந்த செக்மென்ட்டுகளைச் சேர்த்து ஒரு வளையம். வளையத்துக்கு அடுத்து வளையமாகக் குழாய். செக்மென்ட்டுகள் சேரும் இடத்தில், மண் பக்கத்தை ஒட்டி, ரப்பர் பட்டை இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அதுதான். ஆகவே எங்கே வேண்டுமானாலும் துளை போட முடியாது. மூட்டின் ஓரம், வளையங்களைப் பிணைக்கும் போல்ட் குழிகள், சாந்து செலுத்திய துளை ஆகியவற்றின் அருகே டிரில் போகவே கூடாது. ஒரே தாங்கியின் இரண்டு போல்ட்டுகள் இரண்டு செக்மென்ட்டுகளில் விழுவதும் தவறு. மண் அமர்ந்து மூட்டு ஓரிரு மில்லிமீட்டர் அசைந்தால் தாங்கியின் தகடு முறுக்கப்படும்.

துளை போடும்போது அடிக்கடி நடப்பது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் டிரில் முட்டுவது. கம்பி 40, 50 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். எம்12, அதாவது 12 மில்லிமீட்டர் தடிமன், ஆங்கருக்கோ ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் துளை வேண்டும். கம்பி தேடும் கருவியால் முதலில் சுவரை வருடிச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. வருடாமல் போட்டுவிட்டு, முட்டியதும் டிரில்லைச் சற்றே சாய்த்துக் கம்பியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சாய்ந்த துளையில் போல்ட்டும் சாயும். தகடு சுவரோடு படியாது, நட்டின் ஒரு விளிம்பு மட்டுமே அழுத்தும், போல்ட் வளைந்தபடியே காலம் தள்ளும். கைவிட்ட துளையைச் சுருங்காத சாந்தால் அடைத்துவிட்டு, அதன் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளிப் புதிதாகப் போடுவதே முறை. இதற்கு இடம் கொடுக்க, தகட்டில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை வைத்திருக்க வேண்டும். வரைபட மேசையில் பத்து ரூபாய் செலவில் முடியும் காரியம் இது. சுரங்கத்துக்குள் போன பிறகு முடியாது.

அடுத்தது தூசி. துளைக்குள் கான்கிரீட் பொடி முகப்பவுடர் போலப் படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் பசை போட்டால் பசை பொடியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல. எண்ணெய் கலக்காத அழுத்தக் காற்றால் ஊதி, துளையின் விட்டத்துக்குச் சரியான கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். எத்தனை தடவை என்பது அந்தந்தப் பசையின் அட்டவணையில் இருக்கும். தேய்ந்த தூரிகை துளைக்குள் தளர்வாகப் போய் வரும். அது சுத்தம் செய்வதில்லை, சுற்றுலாப் போகிறது. பசை அடைத்து வரும் குழலைத் தோட்டா என்போம்; அதன் முனையிலிருந்து முதலில் வரும் பசை சரியாகக் கலந்திருக்காது. நிறம் ஒரே சீராக வரும் வரை பிழிந்து எறிந்துவிட்டுத்தான் துளைக்குள் செலுத்த வேண்டும், அதுவும் துளையின் அடியிலிருந்து. தலைக்கு மேலே செலுத்தும்போது முனையில் ஒரு அடைப்பான் இல்லாவிட்டால் பசை வழிந்து, உள்ளே காற்று தங்கும். வெளியே நிரம்பி வழிவதைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று நம்புவோம். உள்ளே பாதி வெறும் பை.

சென்னைக்கு இன்னொரு சிக்கல், வெயில். பசைத் தோட்டாக்களைப் பெரும்பாலும் 25 டிகிரிக்கு உள்ளே வைக்கச் சொல்கிறார்கள். மே மாதத்தில் வேலையிடத்து இரும்புக் கன்டெய்னருக்குள் அது நடக்குமா? சூடான பசை ஓரிரு நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் போல்ட்டைச் சுழற்றி உள்ளே செலுத்த முடியாமல் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த ஆங்கர் பிறக்கும்போதே செத்தது. தோட்டாக்களைக் குளிர்சாதன அறையில் வைப்பது ஆடம்பரமல்ல, அது வேலையின் ஒரு பாகம்.

விரிவு ஆங்கருக்குப் பசை தேவையில்லை. நட்டை இறுக்கும்போது உள்ளே ஒரு வளையம் விரிந்து கான்கிரீட்டைக் கவ்வும். அதற்கு உயிர் டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் திருகுச் சாவி. அட்டவணையில் 60 நியூட்டன் மீட்டர் என்றிருந்தால் 60தான். கைக்கணக்கில் குறைத்து இறுக்கினால் கவ்வாது. ரெஞ்சின் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி மிகையாக இறுக்கினால் போல்ட் நீளும், கான்கிரீட் விரிசல் விடும். தேய்ந்த டிரில் நுனி துளையைச் சிறுக்க வைக்கும், மலிவான நுனி பெருக்க வைக்கும். இரண்டிலும் ஆங்கர் சரியாக உட்காராது.

உலோகத்திலும் கண் வேண்டும். கலங்கரை விளக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் கசியும் நீரில் உப்பு இருக்கும். மின்பூச்சாக ஐந்தாறு மைக்ரான் துத்தநாகம் பூசிய போல்ட் அங்கே சில வருடங்களில் துருவேறும். 316 தரத் துருவா எஃகு வேண்டும். அதை நேரடியாக அலுமினியத் தாங்கியோடு சேர்த்தால் அரிப்பு அலுமினியத்தைத் தின்னும் என்பதால் நடுவே காப்பு வாஷர் போட வேண்டும். துருவா எஃகு நட்டைப் பசையெண்ணெய் தடவாமல் வேகமாக இறுக்கினால் போல்ட்டின் திருகுப் புரியோடு ஒட்டிக்கொள்ளும். ரெஞ்ச் 60 காட்டும், நட்டோ தகட்டைத் தொட்டே இருக்காது.

ரயில் குழாய்க்குள் ஓடும்போது பிஸ்டன் போல முன்னே காற்றைத் தள்ளுகிறது, பின்னே இழுக்கிறது. ஒரு குழாயில் நாளைக்கு 200 ரயில் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 73,000 தடவை ஒவ்வொரு விளக்கும் பெட்டியும் தகடும் உலுக்கப்படும். நட்டுகள் தளர்வது இதனால்தான். தீ வந்தாலோ பசை ஆங்கரின் கதை வேறு. பல எபாக்ஸிகள் நூறு டிகிரியை எட்டும் முன்பே பலம் இழக்கின்றன. இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் கேபிளை அப்படிப்பட்ட போல்ட்டில் தொங்கவிடுவதில் என்ன பயன்?

இழுவைச் சோதனை நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கட்டும். ஆனால் நூற்றுக்குச் சில போல்ட்டுகளில் சில நிமிடம் நடக்கும் சோதனை பொருத்தும் தவறைத்தான் பிடிக்கும். காலம் செய்வதைப் பிடிக்காது. சோதனைக் கருவியின் கால்களைப் போல்ட்டுக்கு மிக அருகே ஊன்றினால், பெயர்ந்து வர வேண்டிய கான்கிரீட்டைக் கருவியே அமுக்கிப் பிடித்துக்கொண்டு பொய்யான பலம் காட்டும். இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கோரிக்கைக்கு வருகிறோம். இனி வார்க்கப்போகும் செக்மென்ட்டுகளிலாவது, மேல்நிலைக் கடத்தி வரும் உச்சிப் பகுதியில், கான்கிரீட்டோடு சேர்த்தே வளைந்த எஃகுச் சேனலை வார்த்துவிடலாம். துளை வேண்டாம், தூசி வேண்டாம், பசையும் வேண்டாம். சுத்தியல் தலை வடிவப் போல்ட்டைச் சேனலுக்குள் நுழைத்துத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் பிடித்துக்கொள்ளும். போல்ட்டின் நுனியில் ஒரு வெட்டுக்கோடு இருக்கும்; அது சேனலுக்குக் குறுக்கே நின்றால் சரி, சேனலின் நீளவாக்கில் நின்றால் போல்ட் எந்த நேரமும் உருவிக்கொண்டு வரும். செலவு கூடும் என்பது உண்மை. வார்ப்பு அச்சில் ஓரிரு மில்லிமீட்டருக்குள் சேனலை நிறுத்துவதும் சுலபமல்ல. ஆனாலும் நூறு வருடத்துக்கு என்று கட்டும் சுரங்கத்தில் இந்தச் செலவு தகும். ஏற்கெனவே வார்த்துவிட்ட இடங்களில், உச்சியில் நேராகக் கீழ்நோக்கி இழுபடும் சுமைக்குப் பசை ஆங்கர் வேண்டாம். விரிசல் விட்ட கான்கிரீட்டிலும் பிடிக்கும் என்று சான்று பெற்ற, துளையின் அடியில் குடைந்து பூட்டும் வகை போடலாம்.

அதோடு, ஒவ்வொரு ஆங்கருக்கும் பதிவு வேண்டும். வளைய எண், கடிகார முகம் போல எத்தனை மணி நிலையில் இருக்கிறது, யார் போட்டார், எந்தத் தொகுதிப் பொருள், எவ்வளவு இறுக்கம். இறுக்கியதும் நட்டிலிருந்து தகடு வரை ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிட்டால், பிறகு கோடு உடைந்திருப்பதைப் பார்த்தே நட்டு சுழன்றதைச் சொல்லிவிடலாம். ஆனால் நட்டோடு சேர்ந்து போல்ட்டே நழுவினால் கோடு முழுசாகவே நிற்கும். அதற்குத் தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல போல்ட் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது பொத்தென்று மழுங்கும்.

இதற்கு நேரமில்லை என்ற பதில் வரும். கடைசி ரயில் போய், மின்சாரத்தை நிறுத்தி, நிலமிணைப்புப் போட்டு, அதிகாலையில் எல்லாவற்றையும் எடுக்கும் நேரம் போகக் கையில் மூன்று மணி நேரம்தான் என்பது உண்மை. மீட்டருக்கு ஒரு தாங்கி, இரண்டு பக்கமும், தாங்கிக்கு இரண்டு போல்ட் என்றால் ஒரு குழாயில் கிலோமீட்டருக்கு 4,000 போல்ட். ஒரு குழு இரவுக்கு 600 தட்டினால் ஏழு இரவில் ஒரு கிலோமீட்டர் முடியும். முடியாத கணக்கல்ல.

சசாகோவுக்குப் பிறகு ஜப்பான், சாலைச் சுரங்கங்களை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கைக்கு எட்டும் தூரத்திலிருந்து பார்த்தாக வேண்டும் என்று 2014-இல் விதி செய்தது. சென்னையில் நிலத்தடி ரயில் முதன்முதலாக ஓடியது 2017 மே 14, திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை. ஜப்பான் கணக்கில் அந்தக் குழாய்களின் இரண்டாவது முழுச் சோதனை 2027 மே மாதத்துக்குள் முடிய வேண்டும். எத்தனை ஆங்கர் தட்டப்பட்டன, எத்தனை தளர்ந்திருந்தன, எத்தனை மாற்றப்பட்டன என்ற மூன்று எண்களை மெட்ரோ நிர்வாகம் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
சுரங்கப்பாதைப் பொருத்துப் பணியில் உள்ள பொறியாளர்கள் இருவர்,
சென்னை