என் குரலே அப்படித்தான், ஐயா

அனுப்புநர்:
தங்கள் பதிவேட்டில் 'மிரட்டும் கஸ்டமர்' என்று குறிக்கப்பட்டிருப்பவர்,
கொலுசுப் பட்டறை, சிவதாபுரம், சேலம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தங்கள் டிராவல்ஸ் அலுவலகம், சேலம்.

நாள்: 24.11.2025

பொருள்: 09.11.2025 ஞாயிறு அன்று பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்கு டெம்போ டிராவலரில் சென்றது – எங்கள் மேல் சுமத்திய பழியை நீக்கவும், பிடித்த பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல் – சார்பு.

ஐயா,

வணக்கம். 18ஆம் தேதியிட்ட தங்கள் பதில் கிடைத்தது. 'தங்கள் குழுவினர் வாகனத்தில் தகராறில் ஈடுபட்டதாலும், சீட் உறையைக் கிழித்ததாலும், எங்கள் பெண் ஊழியரிடம் மிரட்டும் தொனியில் பேசியதாலும் பணம் திருப்பித் தர இயலாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் டிரம்மர், "நாம தகராறு பண்ணியிருந்தாலாவது பொழுது போயிருக்கும்ணா" என்றார். அவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர், பொய் சொல்லத் தெரியாது.

முதலில் குரல் விஷயம். நான் பிளாக் மெட்டல் என்கிற, கத்திப் பாடும் ராக் இசைக் குழு ஒன்றில் பாடுகிறேன். மேடையில் பாடுவது ஒருபக்கம் இருக்கட்டும், பிறந்ததிலிருந்தே எனக்குக் கரகரத்த குரல். தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கினது போல இருக்கிறது என்று எங்கள் அம்மா சொல்வார். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொன்னால் ஐயர் இரண்டடி பின்னால் போகிறார். மேடையில் கத்துவதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. குரல்நாணுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பொய்க் குரல்நாண் என்பார்கள். அதை அதிரவைத்துப் பாடினால் தொண்டை கெடாது. ஆனாலும் முந்தின நாள் இரவு பாடிவிட்டு மறுநாள் பேசினால் என் குரல் எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். அந்த மறுநாள்தான் உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன்.

ஏற்காட்டு மலை ஏறும் முன்பே வண்டி நின்றுபோனதால் நான் சொன்னது இவ்வளவுதான்: "வண்டி இன்னும் கோரிமேட்டுலயே நிக்குதுங்க." அந்தப் பெண் "சார், ஏன் சார் இப்படிப் பேசுறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். மறுபடி அழைத்து, முடிந்த மட்டும் மெதுவாக, "கோவமில்லம்மா, என் குரலே இப்படித்தான்" என்றேன். மெதுவாகப் பேசினால் இன்னும் மோசமாகக் கேட்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அதையும் வைத்துவிட்டார். மூன்றாம் முறை எங்கள் கிட்டார்காரரைப் பேசச் சொல்வதற்குள் என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டீர்கள். அழைப்பைப் பதிவு செய்வதாகத் தங்கள் கணினிக் குரலே ஆரம்பத்தில் சொல்கிறது. அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். நான் சொன்னதில் 'ங்க' இருக்கிறது, 'அம்மா' இருக்கிறது. மிரட்டல் ஒரு சொல்கூட இருக்காது.

அடுத்து, இரண்டு நாள் கழித்து எங்கள் கிட்டார்காரரை அழைத்த தங்கள் அலுவலர், "உங்க மியூசிக்கப் பத்தி கூகுள்ல பாத்தோம், சர்ச்ச எரிக்கிற ஆளுங்க நீங்க" என்றாராம். அது நடந்தது நார்வேயில், 1990களின் தொடக்கத்தில். பெர்கன் ஊரில் பழமையான மரக் கோயில் ஒன்று எரிந்தது 1992 ஜூனில். அந்த நாட்டு பிளாக் மெட்டல் வட்டத்தில் இருந்த சிலர் கோயில்களைக் கொளுத்தியதற்குச் சிறைக்கும் போனார்கள். நான் அப்போது செவ்வாய்ப்பேட்டையில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் கொளுத்தியது சூடமும் தீபாவளிப் பட்டாசும்தான். பெயரில் 'பிளாக்' இருப்பதால் பில்லி சூனியம் என்றும் நினைக்க வேண்டாம். வெனம் என்ற இங்கிலாந்துக் குழு 1982இல் போட்ட ஆல்பத்தின் பெயர் அது, அப்படியே இந்த இசைக்கும் ஒட்டிக்கொண்டது.

சரி, அன்றைய பயணத்துக்கு வருகிறேன். தகராறு நடக்க அதில் எந்த இடத்தில் வாய்ப்பு இருந்தது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பேசியது: காலை பத்து மணிக்குப் பெங்களூரில் ஏற்றி, கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக மாலை நான்குக்குள் ஏற்காட்டில் இறக்குவது. நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம். நான்கு மணி என்று நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த இசைக்காரர்கள் பனி மூடிய காட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். நமக்குப் பனிக்கட்டி ஏது? ஐப்பசி மாத ஏற்காட்டில் காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கும் அந்த ஒரு மணி நேரம்தான் நமக்கு நார்வே. போட்டோகிராபருக்கு முன்பணம் ரூ.4,000 கொடுத்து, அவர் மேலே காத்திருந்தார்.

வண்டி பத்து மணிக்கே வந்தது, அதைச் சொல்ல வேண்டும். ஓசூர் தாண்டியதும் கிருஷ்ணகிரி ரோட்டை விட்டுவிட்டு ராயக்கோட்டைப் பக்கம் திரும்பியது. ஏன் என்று கேட்டதற்கு டிரைவர் அண்ணன், "ஒரு சின்ன லோடு, ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க" என்றார். சின்ன லோடு என்பது இருபத்திரண்டு பெட்டித் தக்காளி. ராயக்கோட்டை மண்டியில் அது வந்து சேர, எடை போட, சீட்டு எழுத மூன்று மணி நேரம் ஆனது. வண்டிக்குள் ஏசி இல்லை, எஞ்சின் ஓடினால்தான் வருமாம். வெளியே நிழல் இல்லை. கிட்டார்காரர் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறவர். அந்த மூன்று மணி நேரத்தில் இரண்டு பழைய வினாத்தாள் முடித்தார். பேஸ் வாசிப்பவர் வாயைத் திறந்தபடி தூங்கினார். டிரம்மர் பெட்டிகளை எண்ணினார், அதனால்தான் இருபத்திரண்டு என்று உறுதியாகச் சொல்கிறேன். நான் தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டு, எதிரே ஒரு மாடு அழுகின தக்காளியை ஒதுக்கிவிட்டு நல்லதாகப் பார்த்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து லாரிக்காரரிடம் விசாரித்துக்கொள்ளலாம், எங்களிடமிருந்து சத்தமே வரவில்லை.

இந்த மூன்று மணி நேரத்துக்குத் தங்கள் பில்லில் எங்களிடமே 'காத்திருப்புக் கட்டணம், மணிக்கு ரூ.300 வீதம் ரூ.900' பிடித்திருக்கிறீர்கள். உங்கள் தக்காளிக்காக நாங்கள் காத்திருந்ததற்கு நாங்களே பணம் கட்டியிருக்கிறோம். இதைப் பட்டறையில் சொன்னபோது யாரும் நம்பவில்லை, பில்லைக் காட்ட வேண்டியதாயிற்று. டோல் என்று ரூ.590 போட்டு, அதில் கிருஷ்ணகிரி டோல்கேட்டையும் சேர்த்திருக்கிறீர்கள். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஃபாஸ்டேக் கணக்கை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ராயக்கோட்டையிலிருந்து பாட்டு ஆரம்பித்தது. டிரைவரின் போனில் ஒன்பதே பாட்டு, எல்லாம் பழைய மெலடி. எனக்கு மெலடி பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் அதுதான் ஓடும். பிரச்சினை என்னவென்றால் பாட்டில் வயலின் கேட்கிறது, தபேலா கேட்கிறது, பாடுகிறவர் மட்டும் இல்லை. போனிலிருந்து செட்டுக்குப் போகும் ஒயர் முழுசாகச் சொருகாமல் இருந்தால் இப்படி ஆகும். இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் அப்போது ஸ்பீக்கருக்குப் போகும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாக வைத்துத்தான் பதிவு செய்வார்கள், ஆகவே அதுதான் முதலில் காணாமல் போகும். நான் ஒயரை அரை அங்குலம் உள்ளே அழுத்தப் போனேன். "அதத் தொடாதீங்க சார், செட்டு போயிரும்" என்றார். தொடவில்லை. பாலக்கோடு, தர்மபுரி, தொப்பூர் இறக்கம், ஓமலூர் என்று சேலம் வரும்வரை பாடகர் இல்லாத பாட்டைக் கேட்டுக்கொண்டு ஒரு பாடகன் உட்கார்ந்திருந்தேன். தகராறு செய்திருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்ததென்றால் அது இதுதான். செய்யவில்லை.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் தக்காளி இறங்கியபோது ஐந்தே கால். இன்னும் அரை மணியில் மேலே இருப்போம் என்று டிரைவர் சொன்னதை நம்பி, ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி போட்டோவுக்காக, இந்த இசைக்காரர்களின் வழக்கப்படி முகத்துக்கு வெள்ளையும் கண்ணைச் சுற்றிக் கறுப்பும் பூசிக்கொண்டோம். அரிதாரம் பூசின முகங்களை அந்த வளைவு எத்தனையோ பார்த்திருக்கும். ஸ்டுடியோவே போய் வளைவு மட்டும் நிற்கிறது.

அப்புறம் கோரிமேட்டில் வண்டி நின்றது. டீசல் இல்லை. டீசலுக்குப் பணம் ஆபீஸிலிருந்து வர வேண்டும், வரவில்லை. டிரைவர் எட்டு முறை போன் செய்தார், அவருக்கும் எடுக்கவில்லை. அவருக்கு மூன்று நாள் பேட்டாவும் பாக்கியாம். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இந்தக் கடிதத்தைக் காரணம் காட்டி அவர் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம்.

ஒன்றரை மணி நேரம், முழு ஒப்பனையோடு, டீக்கடை பெஞ்சில். ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஜமாங்க? எந்த ஊர்ல கூத்து?" என்று கேட்டார். அவர் இளவயதில் தெருக்கூத்தில் துரியோதனன் கட்டியவராம். இது வேற மாதிரிங்க, கிட்டார் வச்சு, என்றேன். என் குரலைக் கேட்டு அன்று முகம் மலர்ந்த ஒரே ஆள் அவர்தான். "சாரீரம் நல்லா இருக்குதே! விடிய விடிய நிக்குமா?" என்றார். நாற்பது நிமிஷம்தாங்க என்றேன். "அவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். போகும்போது, சோப்புப் போட்டுத் தேய்க்காதே, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்திலிருந்துதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

கடைசியில் டீசலுக்கு நாங்களே ரூ.1,500 கொடுத்தோம், அதை மட்டும் மறுநாள் திருப்பி அனுப்பினீர்கள், நன்றி. இருபது கொண்டை ஊசி வளைவும் இருட்டில் ஏறினோம். ஏரிக்கரையில் இறங்கியபோது எட்டு நாற்பது. மூடுபனி அருமையாக இருந்தது. வெளிச்சம்தான் இல்லை. போட்டோகிராபர் ஏழு மணிக்கே கிளம்பிப் போயிருந்தார். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தோம். பெரியவர் சொன்னது சரி, தேங்காய் எண்ணெயில் சுத்தமாகப் போய்விட்டது.

இனி சீட் உறை. மேடைக்காக என் கையில் கட்டும் ஆணிப் பட்டை கிழித்தது என்று ரூ.1,800 பிடித்திருக்கிறீர்கள். அந்த ஆணிகளை நானே பட்டறையில் திருகி மாட்டியவன், அதன் கூர் எனக்குத் தெரியும். அதனாலேயே பயணத்தில் அதைத் துண்டில் சுற்றி எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடித்தான் கொண்டுபோவேன். அன்றும் தூக்கு என் மடியில்தான் இருந்தது. நீங்கள் சொல்லும் கிழிசல் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் இருக்கிறது. ஏறும்போதே அதன்மேல் துண்டு விரித்திருந்தது. துண்டை எடுத்துப் பார்த்தால் மஞ்சள் நூலில் யாரோ பாதி தைத்து விட்டிருந்தார்கள், நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது. காலை 10.12க்கு எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். அப்போது வண்டி பெங்களூரைவிட்டே கிளம்பவில்லை.

ஆகவே நான் கேட்பது: சீட் உறைக்குப் பிடித்த ரூ.1,800, காத்திருப்பு ரூ.900, போட்டோகிராபருக்குப் போன ரூ.4,000, ஆக ரூ.6,700. கூடவே போகாத டோல்கேட்டின் தொகை எவ்வளவோ அது. அதைவிட முக்கியமாக, என் பெயருக்கு எதிரே 'மிரட்டும் கஸ்டமர்' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, அடித்துவிட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். வரும் தையில் எங்கள் வீட்டில் கல்யாணம், வண்டி தேவைப்படும். ஊரில் உள்ள டிராவல்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எழுத்துக்குக் குரல் இல்லை.

போனில் பேச விரும்பினால் முதலில் என் நம்பரைப் பிளாக்கிலிருந்து எடுங்கள். காலை பதினோரு மணிக்கு மேல் அழையுங்கள், அதற்குள் இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்திருப்பேன், குரல் கொஞ்சம் இளகியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், சீட் உறைப் படம், டிரம் பெட்டியின் மேல் தக்காளி ஏற்றியிருக்கும் படம்.