முழுத் தடை வேண்டாம், விதி போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளிப் பட்டாசை அடியோடு தடை செய்ய வேண்டும் என எங்கள் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஒரு சாரார் வாதிட்டபோது, சிவகாசியில் அத்தொழிலையே நம்பியிருக்கும் குடும்பங்களை எண்ணி நான் உடன்படவில்லை. ஆயினும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையொட்டி, காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என அரசு வகுத்த நேரத்தை எங்கள் தெருவில் எவரும் மதித்ததில்லை. நள்ளிரவுச் சரவெடிக்கு அஞ்சிக் கட்டிலடியில் ஒடுங்கிய நாயை விடியும்வரை மடியில் வைத்திருந்தவன் நான். அந்தச் சரவெடியும் அதே தீர்ப்பில் தடை செய்யப்பட்டதுதான்! சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ, வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தாமாகவே வெடிகளைக் கைவிட்டிருக்கிறார்கள். அதிகாரிகள் முதலில் சரவெடி விற்கும் கடைகளைச் சோதிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை.