திரையிடலுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் திரைப்பட வட்டத்தின் சார்பில் சென்ற ஞாயிறு மாலை, 1970-களில் கம்போடியாவில் நடந்த கொடுமைகளை ஒரு செய்தியாளர், அவருடைய உதவியாளர் ஆகியோரின் உண்மைக் கதை வழியே சொல்லும் ‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ படம் திரையிடப்பட்டது. இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இந்தக் கனமான படத்துக்கு யார் வருவார்கள் என்று தயங்கிய எங்களை மீறி அரங்கு நிறைந்ததென்றால், அதற்குக் காரணமானவர்கள் பலர். அவர்களுக்கு நன்றி சொல்வது செயலாளர் என்ற முறையில் என் கடமை.

முதல் நன்றி, பள்ளி அரங்கை வாடகையின்றித் தந்த தலைமையாசிரியர் அம்மாவுக்கு. சிறுவர்களை உள்ளே அனுமதிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அவர் சாவியைக் கொடுத்தார். அது நியாயமான நிபந்தனைதான். 1975-இல் கம்போடியாவைக் கைப்பற்றிய கெமர் ரூஜ் என்னும் தீவிரக் கம்யூனிஸ்டுகளின் ஆட்சி பள்ளிகளை மூடியதையும், தலைநகர் புனோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடத்தையே எஸ்-21 என்னும் சித்திரவதைச் சிறையாக மாற்றியதையும் அவர் அறிந்திருந்தார். அறிந்தும், இப்படத்தைப் பார்க்கப் பள்ளி அரங்கே பொருத்தமான இடம் என்று சொன்னவர் அவர்.

படத்துக்கு முன் பேசிய வரலாற்றுப் பேராசிரியர் ஐயா, 1970-இல் கம்போடிய நாட்டுத் தலைவர் சிஹானூக் பதவியிலிருந்து நீக்கப்பட்டது, அவருக்குப் பின் வந்த லான் நால் அரசு, அமெரிக்கக் குண்டுவீச்சு ஆகியவற்றைச் சுருக்கமாக விளக்கினார். 1973 ஆகஸ்டில் அமெரிக்க விமானம் நியாக் லுவாங் நகரின் மீது தவறுதலாகக் குண்டு பொழிந்த நிகழ்வை அவர் முன்பே சொல்லி வைத்ததால்தான், படத்தின் தொடக்கக் காட்சிகளில் செய்தியாளர்கள் எதைத் தேடி அங்கே போகிறார்கள் என்பது அவையினருக்குக் குழப்பமின்றி விளங்கியது.

மாவட்டச் செய்தியாளராகப் பல்லாண்டு பணியாற்றிய நண்பரின் உரையைத் தனியே குறிப்பிட வேண்டும். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் சிட்னி ஷான்பெர்க்கைவிட, அவருடைய மொழிபெயர்ப்பாளரும் உதவியாளருமான தித் பிரானைப் பற்றியே அவர் அதிகம் பேசினார். 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகர் கெமர் ரூஜ் படையிடம் வீழ்ந்தபோது, துப்பாக்கி முனையில் பிடிபட்ட ஷான்பெர்க் உள்ளிட்ட வெளிநாட்டுச் செய்தியாளர்களை விட்டுவிடுமாறு மன்றாடி அவர்களைக் காப்பாற்றியவர் பிரான். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் தம் மனைவி மக்களை அமெரிக்க ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பிவிட்டு, வேலைக்காகத் தாம் மட்டும் தங்கியிருந்தார். 1976-இல் இதழியலுக்கான புலிட்சர் பரிசு ஷான்பெர்க்குக்குக் கிடைத்தபோது, அதைப் பிரானுக்கும் சேர்த்தே அவர் பெற்றுக்கொண்டார். ஆனால் பிரானோ அப்போது வயல்வெளி முகாமில், படிக்காத ஏழையாக நடித்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த முரணைப் படம் மழுப்பவில்லை என்பதும், பரிசுக்காகவே பிரானை நிறுத்தி வைத்தாய் என்று சக புகைப்படக்காரர் ஷான்பெர்க்கின் முகத்துக்கு நேரே சொல்லும் காட்சியே இதன் நேர்மைக்குச் சான்று என்பதும் நண்பரின் கருத்து. எனக்கும் அதில் முழு உடன்பாடு. உள்ளூர்ச் செய்தி சேகரித்துக் கொடுத்துவிட்டுத் தம் பெயர் அச்சேறாமலே காலம் தள்ளும் பகுதிநேர நிருபர்கள் சிலர் அன்று அரங்கில் இருந்தார்கள். அவர்கள் வந்ததற்கும் நன்றி.

ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் கலந்துரையாடலில் எழுந்து சொன்னது எங்கள் நிகழ்ச்சி நிரலில் இல்லாத கொடை. தலைநகர் வீழ்ந்தபின் வெளிநாட்டினர் தஞ்சம் புகுந்த பிரெஞ்சுத் தூதரகத்தில், பிரானையும் வெளிநாட்டவராகக் காட்டிக் காப்பாற்ற அவருக்காகக் கள்ளப் பாஸ்போர்ட் தயாரிக்கும்போது புகைப்படம் நிலைக்காமல் கெட்டுப்போகிறதல்லவா? தாளில் உருவம் தெரிந்த பிறகு அதை ஹைப்போ என்னும், படத்தை நிலைக்கச் செய்யும் ரசாயனக் கரைசலில் போட்டு எடுக்காவிட்டால், ஒளி படாத இடங்களில் மிஞ்சியிருக்கும் வெள்ளி உப்பு வெளிச்சம் பட்டதும் கறுக்கத் தொடங்கி, முகமே இருண்டுவிடும் என்று இருட்டறையில் வேலை செய்த கைகளாலேயே அவர் காட்டினார். தகுந்த ரசாயனம் இல்லாமல் போனதால் ஒரு மனிதன் தூதரக வாசலுக்கு வெளியே போக வேண்டியதாயிற்று என்பது அதன் பிறகு இன்னும் கூர்மையாக உறைத்தது.

பிரானாக நடித்த ஹாயிங் நோர் பற்றிப் பேசிய மகப்பேறு மருத்துவர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? நோர் தொழில்முறை நடிகரல்லர். புனோம் பென்னில் மகப்பேறு மருத்துவராக இருந்தவர். படித்தவர்களைத் தேடிக் கொன்ற அந்த ஆட்சியில் தம் தொழிலை மறைத்தே உயிர் பிழைத்தார். முகாமில் மனைவி பிரசவத்தில் இறந்தபோது, கருவிகளும் இல்லாமல், மருத்துவர் என்று தெரிந்தால் இருவரும் சாக நேரும் என்ற நிலையில், அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. இதைச் சொல்லும்போது அம்மா இடையில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டே தொடர்ந்தார். முதல் படத்திலேயே நோர் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதை 1985-இல் பெற்றதையும், 1996-இல் லாஸ் ஏஞ்சலிஸில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் அவர்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். பிரான் தனித்து அலையும் பின்பாதி நீளமாக இருக்கிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அந்தப் பகுதிதான். 1979 அக்டோபரில் தாய்லாந்து எல்லையைக் கடக்கும்வரை பிரான் நடந்த தொலைவை விரைவாகக் காட்டியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

திரையிடல் உரிமத்தை முறைப்படி பெற்றுத் தந்த வழக்கறிஞர் தம்பி, புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்த சகோதரர்கள், இடைவேளைக்குச் சற்று முன் மின்சாரம் போனதும் ஜெனரேட்டரை இயக்கி ஐந்தே நிமிடத்தில் படத்தை மீட்ட மின்பணியாளர், கம்போடிய வரைபடத்தோடு தமிழ்க் குறிப்பேட்டைத் தயாரித்த கல்லூரி மாணவியர், தேநீரும் சுண்டலும் வழங்கிய எதிர்க்கடை அண்ணாச்சி, நிகழ்ச்சி முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கி அரங்கைப் பெருக்கிய அனைவருக்கும் வட்டத்தின் நன்றி.

நன்கொடை வரவு செலவுக் கணக்கு நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. மிச்சத் தொகையை அடுத்த திரையிடலுக்கு வைத்துக்கொள்ள எண்ணியுள்ளோம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் மாதக் கூட்டத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். எவர் பெயரேனும் இம்மடலில் விடுபட்டிருந்தால் உரிமையோடு சுட்டிக்காட்டவும்.

நன்றியுடன்,
செயலாளர்