மகன் அனுப்பிய செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் ஓரிரவு, ரொறன்ரோவிலுள்ள என் மகன் அனுப்பிய வட்ஸ்அப் குரல் பதிவொன்றில், மறுநாள் முதல் பெற்றோல் கிடையாதெனவும் உடனே நிரப்பி வைக்குமாறும் யாரோ ஒருவர் பதற்றத்துடன் கூறியிருந்தார். 2022ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் நாட்கணக்கில் வரிசையில் நின்ற நினைவு இன்னும் அழியாததால், விடியுமுன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெற்றோல் செட்டுக்குச் சென்றேன். எனக்கு முன்பே நாற்பது பேரளவில் நின்றிருந்தனர். முன்னால் நின்றவருக்கு லண்டனிலிருந்து மருமகள் அனுப்பியிருந்தார். அவருக்கு முன்னால் நின்றவருக்குப் பாரிஸிலிருந்து தம்பி. கதவு திறக்க வந்த ஊழியர் எங்களைக் கண்டு, "என்ன, இண்டைக்கு இவ்வளவு சனம்?" என்று கேட்டார். தாங்கியில் வழமைபோலவே பெற்றோல் இருந்தது. மத்தியானத்துக்குள் அது முடிந்தும் போயிற்று. பொய்யை நாங்களே மெய்யாக்கிவிட்டு வீடு திரும்பினோம்.

அந்தப் பதிவின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. ஒரு தகவல் ஐந்து தடவைக்குக் குறையாமல் கைமாறி வந்திருந்தால் வட்ஸ்அப் இடும் அடையாளம் அது. அத்தகைய தகவலை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாமென 2020 ஏப்ரலில் கட்டுப்பாடும் வந்தது. இவையெல்லாம் எனக்குத் தெரியாதவையல்ல. ஆனால் குறிக்கு மேலே மகனின் பெயர் இருந்தது. செய்தி எங்கே பிறந்தது என்பதை விட்டுவிட்டு, யார் கையால் வந்தது என்பதைக் கொண்டே நாம் அதை நிறுக்கிறோம். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் எமது வீடுகளில் இப்பழக்கம் இன்னும் வலுவானது. போதாததற்கு, ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மையாகத் தோன்றும் என்பதை 1977இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதே பதிவு மூன்று குழுக்களில் வந்திருந்தது.

தொண்ணூறுகளில், போரினால் யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குத் தடையிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையைச் சனசமூக நிலையத்தில் பத்துப் பேர் சேர்ந்து வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் வாதாடினோம். அன்றும் வதந்திக்குக் குறைவிருக்கவில்லைதான். ஆயினும் "உமக்கு ஆர் சொன்னது?" என்று முகத்துக்கு நேரே கேட்க ஒருவராவது அங்கே இருந்தார். கைத்தொலைபேசியைத் தனியே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் அதைக் கேட்க எவருமில்லை.

அந்தக் கேள்வியை எமக்காகக் கேட்கவேண்டியது பத்திரிகை. மறுநாள் தங்கள் பத்திரிகையிலோ, "சமூக வலைத்தளங்களில் பரவிவரும் தகவல்களின்படி" என்ற தொடக்கத்துடன் இதே பெற்றோல் கதை முதற்பக்கத்தில் வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த திருத்தம் உட்பக்கத்தில் நான்கு வரி. இனியாவது, யாரிடம் விசாரித்து எழுதப்பட்டது என்பதைச் செய்தியிலேயே குறிப்பிட்டு, தவறு நேர்ந்தால் திருத்தத்தையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெற்றோல் செட் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. தங்கள் நிருபருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இருவருமே கேட்கவில்லை.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.