மாத்திரை அவள் பையிலேயே இருக்கட்டும்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருப்பது தாங்கள் அறிந்ததே. சேர்க்கையின்போதே மருத்துவச் சான்று தந்திருந்தேன். அப்படியிருந்தும், மாணவர்களின் மாத்திரைகள் அனைத்தையும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை அவளுக்கும் வந்தது.

அவள் விழுங்குவது காய்ச்சல் மாத்திரை அல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த பழுதான மரபணுவால் அவள் உடலில் சளியும் சுரப்புநீரும் பசைபோல் கெட்டிப்படுகின்றன. கணையக் குழாய்கள் அடைபட்டு, செரிமான நொதிகள் குடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. அந்த நொதிகளைத்தான் கேப்சூலாகக் கொடுக்கிறோம். சாப்பிடத் தொடங்கும்போதே அது உள்ளே போக வேண்டும். மதியச் சோற்றுக்கு மட்டுமல்ல, காலை இடைவேளைச் சுண்டலுக்கும் வேண்டும்.

காலை இடைவேளையில் மாத்திரை எடுத்துத்தர அலுவலகத்தில் ஆள் இருப்பதில்லை. அதனால் சுண்டல் டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்புகிறது. மதியம் வரிசையில் நின்று வாங்குவதற்குள் மணி அடிக்கும் நேரம் நெருங்கிவிடுகிறது. சில நாள் மாத்திரை இல்லாமலே சாப்பிட்டுவிடுகிறாள். கொழுப்பு செரிக்காமல் வயிற்றைப் பிசைகிறது. கழிப்பறைக்குப் போகக் கையை உயர்த்தினால், "இப்போதுதானே இடைவேளை முடிந்தது?" என்கிறார்கள். மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டால்தான் எடை நிற்கும் என்று மருத்துவர் சொன்ன பிள்ளை, பள்ளி நாட்களில் அரைப்பட்டினி கிடக்கிறாள்.

மாத்திரை அவள் பையிலேயே இருக்கட்டும். வேறு பிள்ளை எடுத்து விழுங்கிவிடுமோ என்ற தங்கள் அச்சம் நியாயமானது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சிறு டப்பியில் கொடுத்தனுப்புகிறேன்.

இருமுகிறாள் என்று கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த நோய் யாருக்கும் தொற்றாது. மற்றவர்களின் சளிதான் அவள் நுரையீரலுக்கு ஆபத்து. மருத்துவமனையில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டு திரும்பியவளுக்கு, முழு வருகைப்பதிவின் பெருமையைப் பற்றி அறிவுரை வழங்கினீர்கள். நுரையீரலுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிப் பார்க்கலாம். "அரசு அடையாள அட்டை இருந்தால் சலுகை தரலாம்" என்றார் அலுவலக ஊழியர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ரத்த நோய்களான தலசீமியா உண்டு, ஹீமோபிலியா உண்டு. இந்த நோய் இல்லை. எந்த அட்டையைக் கொண்டுவந்து காட்டுவது? அது டெல்லியில் கேட்க வேண்டிய கேள்வி. தங்களிடம் கேட்டது பிழையாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள்.

தங்களிடம் கேட்பது சிறிய அனுமதிதான். மாத்திரையை அவளே வைத்திருக்கவும், உண்ணும்போது எடுத்துக்கொள்ளவும், தேவைப்படும்போது கழிப்பறைக்குப் போகவும் எழுத்துமூலம் அனுமதி தந்து, அதை வகுப்பாசிரியர்கள் எல்லோருக்கும் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல, தாங்கள் குறிக்கும் நாளில் நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்