துப்புகளுக்குத் தனி இடம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. புது வீட்டில் எல்லாரும் பழகிவிட்டீர்கள், அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. இங்கேயும் எல்லாரும் நலம். ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை விளையாடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு கலையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருத்தர் புனேவில், ஒருத்தர் துபாயில் என்று ஆனபிறகு மேசை போய் ஆன்லைன் வந்துவிட்டது. டைஸ் உருளும் சத்தம்தான் இல்லை.

இந்த முறை நீயே கதையை நடத்தும் கேம் மாஸ்டராக உட்காரப்போகிறாய் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. ஹாஸ்டல் மெஸ்ஸில் நீ கதை சொல்ல ஆரம்பித்தால் எல்லார் தட்டிலும் சோறு ஆறிப்போகும். உன் பிளேயர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சரி, உன் கதைக்கான குறிப்புகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஒரே ஆவணத்தில் வரிசையாக எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாய். அந்த எழுத்து வீணாகாது. ஆனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்தாதே. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்ட காலத்தில் குறிப்பு எழுதுவது எளிது. கட்டம் போட்ட தாளில் நிலவறையின் வரைபடம், ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்கு நேராக அறையில் இருப்பவை. பிளேயர் கதவைத் திறந்தால் அந்த எண்ணைப் பார்த்து வாசித்தால் போதும். வரைபடமே குறிப்புகளை ஒழுங்குபடுத்திவிடும். உன்னுடையது அப்படி இல்லை. துறைமுக நகரம், காணாமல்போன கலங்கரை விளக்கக் காவலர், அவரைக் கடத்தல்காரர்களிடம் காட்டிக்கொடுத்த வணிகர் சங்கத் தலைவி வெஸ்னா. இங்கே பிளேயர்கள் எந்தப் பக்கமும் போவார்கள்.

உன் மூன்றாம் காட்சியை எடுத்துக்கொள். மதுக்கடையில் ஒரு மாலுமி போதையில் உளறுகிறான்: "விளக்குக்கு எண்ணெய் வாங்கி மாசக்கணக்கா ஆச்சு." அதைக் கேட்டுத்தான் அவர்கள் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும். அவர்கள் மதுக்கடைக்குப் போகாமல் கோயிலுக்குப் போனால்? கதை அங்கேயே நின்றுவிடும். நீயும் அவர்களைத் தள்ளித் தள்ளி மதுக்கடைக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதை அவர்கள் உணர்ந்துவிடுவார்கள்.

நான் சொல்ல நினைப்பது முக்கியமாக இதுதான்: துப்பைக் காட்சிக்குள் பூட்டி வைக்காதே. எண்ணெய்க் கணக்கு நின்றுபோனது ஓர் உண்மை. அதற்குத் தனிக் குறிப்பு எழுது. அது மாலுமி வாயிலிருந்து வரலாம், கோயிலுக்கு எண்ணெய் வாங்கும் பூசாரியிடமிருந்து வரலாம், எண்ணெய் வியாபாரியின் புலம்பலாகவும் வரலாம். பிளேயர்கள் கண்டுபிடித்தே ஆகவேண்டிய ஒவ்வொன்றுக்கும் மூன்று துப்பாவது வை என்று கேம் மாஸ்டர்களுக்குள் ஒரு விதி உண்டு. ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். அனுபவத்தில் அது அப்படியேதான் நடக்கிறது.

இதற்கு நான் பயன்படுத்துவது அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் மென்பொருள். குறிப்புகள் எல்லாம் உன் கணினியிலேயே சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாக இருக்கும். நாளைக்கு மென்பொருளே இல்லாமல் போனாலும் அவற்றைத் திறந்து படிக்கலாம். இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயரை எழுதினால் அந்தக் குறிப்புக்கு இணைப்பு உண்டாகிவிடும். பிறகு கோப்பின் பெயரை மாற்றினாலும் இணைப்புகளை அதுவே திருத்திக்கொள்ளும். மனிதர்கள், இடங்கள், துப்புகள், காட்சிகள், நடந்தவை என்று ஐந்து ஃபோல்டர் போதும். அதற்குமேல் பிரித்தால் ஆட்டத்தின் நடுவில் எதை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பாய்.

காட்சிக் குறிப்பு சின்னதாக இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது, காதில் விழுவது இரண்டு வரி. அங்கே யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் இந்த நிமிடம் என்ன வேண்டும். இங்கே வெளிவரக்கூடிய துப்புகளுக்கு இணைப்பு. நீளமான வசனம் எழுதாதே. பிளேயர் கேட்கும் கேள்விக்கு உன் வசனம் பொருந்தாது. அந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தால் வசனம் தானாக வரும்.

துப்புக் குறிப்பில் உண்மை ஒரே வரியில். மேலே, குறிப்பைப் பற்றிய விவரங்களை வைக்கும் பிராப்பர்ட்டி பகுதியில் 'தெரிந்துவிட்டது' என்று ஒரு டிக் பெட்டி வைத்துக்கொள். அடுத்த செஷனுக்கு முன்னால் டிக் விழாதவற்றை மட்டும் பார்த்தால், இன்னும் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்சிடியனில் கேன்வாஸ் என்றொரு வசதியும் இருக்கிறது, 2022 கடைசியில் வந்தது. காட்சிகளை அட்டைகளாகப் பரப்பி அம்பு போடலாம். அங்கே ஓர் அம்புக்கு 'இது முடிந்தால் அது' என்று பொருள் வைக்காதே. 'இங்கே கிடைக்கும் ஒரு துப்பு அங்கே கொண்டுபோகும்' என்று வைத்துக்கொள். அம்பே வராத அட்டை கண்ணில் பட்டால் அங்கே போக வழியில்லை என்று உடனே தெரியும். யோசிக்கும்போது அருமையான கருவி இது. ஆட்டத்தின்போது நான் திறப்பதில்லை.

'நடந்தவை' ஃபோல்டரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். செஷன் முடிந்த அன்றிரவே எழுதிவிடு. என்ன நடந்தது என்பதோடு, பிளேயர்கள் தங்களுக்குள் என்ன சந்தேகப்பட்டார்கள் என்பதையும் எழுது. காவலரின் தம்பிமேல் ஒருத்தர் சந்தேகப்பட்டால், நீ அவனுக்குப் பெயர்கூட யோசித்திருக்க மாட்டாய். ஆனால் அடுத்த வாரம் உன் கதையில் மிகச் சுவையான ஆள் அவன்தான். பெயர்களை இணைப்பாகவே எழுதினால், பின்னாளில் பூசாரியின் குறிப்பைத் திறக்கும்போது அவர் வந்துபோன செஷன் எல்லாம், அந்தக் குறிப்புக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்று காட்டும் பேக்லிங்க்ஸ் பட்டியலில் வந்து நிற்கும். எங்கள் குழுவில் ஒரு பிளேயர் ரொம்ப நாளுக்கு முன் ஒரு படகோட்டிக்குக் கொடுத்த வாக்கை அப்படித்தான் தேடி எடுத்தேன். அந்தப் படகோட்டி திரும்பி வந்து நின்றபோது அந்தப் பிளேயர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிளேயர்கள் கண்ணில் படவேண்டியதை மட்டும், ஆன்லைனில் ஆட்டம் நடத்த உதவும் ஃபவுண்ட்ரி மென்பொருளில் வை: வரைபடங்கள், கடிதங்கள், படங்கள். ஒருமுறை பணம் கட்டினால் போதும், அதுவும் நடத்துகிறவர் மட்டும். மற்றவர்கள் பிரவுசரிலேயே சேர்ந்துகொள்வார்கள். ஜர்னல் குறிப்பை இழுத்து வரைபடத்தின்மேல் விட்டால் அந்த இடத்தில் ஒரு குறியாக நிற்கும். எதை யார் பார்க்கலாம் என்பதை நீயே தீர்மானிக்கலாம். வேர்ல்ட் ஆன்வில் இணையதளம் பற்றியும் கேட்டிருந்தாய். ஓர் உலகத்தைக் கலைக்களஞ்சியம்போல விரிவாக எழுத ஆசையிருந்தால் அழகான இடம். உன் கேம்பெயின், அதாவது பல செஷன்களாகத் தொடரும் கதை, ஒரே நகரத்தில் நடப்பதால் இப்போது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அப்புறம், எதையும் திறக்கும் முன்னால் ஒரு குறிப்பு எழுதிவிடு. பிளேயர்கள் குறுக்கே வராவிட்டால் வெஸ்னா என்ன செய்வாள்? அமாவாசை இரவில் விளக்கு அணையும், கப்பல் பாறையில் மோதும், சரக்கு கரைக்கு வரும், காவலர் உயிரோடு இருக்கத் தேவையில்லாமல் போகும். இதைத் தேதி போட்டு வரிசையாக எழுது. வரிசை வேண்டிய இடம் இது ஒன்றுதான். பிளேயர்கள் எங்கே சுற்றினாலும் நகரம் அவர்களுக்காகக் காத்திருக்காது என்று அவர்களுக்குப் புரியும்.

உன் கடிதத்தில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பணம்தான் காரணம் என்றால் வெஸ்னா சங்கத் தலைவியாக இருந்தே வேண்டியதைச் சம்பாதிக்கலாமே. காவலரோடு அவளுக்கு வேறு ஏதாவது பழைய கணக்கு இருக்கிறதா? அதை எழுதி அனுப்பு. ஞாயிறு சாயங்காலம் நேரம் இருந்தால் எங்கள் செஷனுக்கு வந்து உட்கார்ந்து பார். அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
சுதா