சராசரி போதாது, அந்த மோசமான அரைமணியைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், அதற்கு வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். ஒருவர் அதை விஷக்கூடம் என்கிறார். இன்னொருவர், ஆலை வாசலில் உள்ள மின்னணுப் பலகையில் எல்லா எண்களும் பச்சையில்தானே தெரிகின்றன, பிறகு என்ன பயம் என்று கேட்கிறார். அப்படி ஓர் ஆலையின் கன்ட்ரோல் ரூமில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கடைசி ஒன்பது ஆண்டுகள் ஷிப்ட் பொறுப்பாளர். அந்தப் பச்சை எண்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லாரிகள் கொட்டும் குப்பை ஒரு பெரிய குழியில் பல நாட்களுக்குச் சேர்ந்து கிடக்கும். உலைக்கு வேண்டிய காற்றை அந்தக் குழியின் மேலிருந்துதான் இழுப்போம். அதனால் குழியின் நாற்றம் வெளியே வராமல் உலைக்குள் போய் எரிந்துவிடும். ஆலையைச் சுற்றி அழுகல் நாற்றம் வீசினால் கதவுகள் திறந்து கிடக்கின்றன, அல்லது உலை நின்றிருக்கிறது என்று பொருள். இதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம், மூக்கு போதும்.

குழிக்கு மேலே கண்ணாடி அறையில் கிரேன் ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பார். அந்த ஆலையில் மிக முக்கியமான ஆள் அவர்தான் என்று எனக்குப் புரியவே சில வருடங்கள் ஆயின. கலந்த குப்பையில் கிலோவுக்கு எட்டிலிருந்து பத்து மெகாஜூல் வெப்பம் கிடைத்தால் உலை நிம்மதியாக ஓடும். நனைந்த குப்பையில் அது வெகுவாக இறங்கிவிடும். காய்ந்ததையும் ஈரத்தையும் அள்ளி, தூக்கி, உதறிப் போட்டு, மறுபடி அள்ளி ஒரே சீராகக் கலந்து, உலையின் வாயான ஹாப்பருக்குள் போடுவதுதான் அவர் வேலை. எங்கள் ஷிப்டில் இருந்த அண்ணன், பிடியில் குப்பை தொங்கும் விதத்தைப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார். "தம்பி, இன்னிக்கு வர்றதெல்லாம் நனைஞ்ச சரக்கு, மெதுவா இழுத்துக்க" என்று இன்டர்காமில் அவர் சொன்னால் அரை மணி கழித்து என் திரையில் வெப்பம் இறங்கத் தொடங்கும்.

ஹாப்பரிலிருந்து குப்பை நகரும் தட்டின் மேல் விழுந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரிந்தபடி நகர்கிறது. எரியும் வாயு பாய்லர் குழாய்களில் ஓடும் நீரைச் சுட்டு நீராவியாக்க, அது டர்பைனைச் சுழற்றுகிறது. குப்பையில் உள்ள குளோரின் குழாய்களை அரிக்கும் என்பதால் நீராவியைப் பெரும்பாலும் 400 டிகிரி அளவிலேயே நிறுத்திக்கொள்வார்கள். அதனால் வெப்பத்தில் கால் பங்கு மின்சாரமானாலே பெரிய விஷயம். ஒரு டன் குப்பைக்குச் சுமார் 500 முதல் 600 யூனிட் கிடைக்கும். மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய எண் வேறு. கடைசியாகக் காற்று செலுத்தும் இடத்தைத் தாண்டிய பிறகு, எரிந்த வாயு குறைந்தது 850 டிகிரியில் 2 விநாடி இருந்தாக வேண்டும். டையாக்ஸின் போன்ற நச்சுப்பொருட்கள் சிதைய அந்த வெப்பமும் அந்த நேரமும் தேவை. வெப்பம் 850-க்குக் கீழே போனால் எண்ணெயிலோ எரிவாயுவிலோ எரியும் துணை பர்னர்கள் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே குப்பையைத் தள்ளும் புஷர் தானாக நின்றுவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு தொழிற்சாலை உமிழ்வு உத்தரவு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

அப்புறம், நான் சொல்ல வந்த இரவு. மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்த குப்பை. நள்ளிரவு தாண்டி வெப்பம் 850-க்குக் கீழே இறங்கியது. இரண்டு பர்னர்களில் ஒன்று பற்றவில்லை. புஷர் நிற்கும் என்று காத்திருந்தேன், நிற்கவில்லை. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று முந்தைய ஷிப்டில் யாரோ புஷரைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு இணைப்பை, அதாவது இன்டர்லாக்கை, பைபாஸ் செய்திருந்தார்கள், லாக் புத்தகத்தில் எழுதவில்லை. அதைக் கண்டுபிடித்துக் கையால் புஷரை நிறுத்தி, ஆள் அனுப்பி இரண்டாவது பர்னரைப் பற்றவைப்பதற்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போய்விட்டது. அவ்வளவு நேரமும் கார்பன் மோனாக்சைடு கோடு திரையின் மேல்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. குப்பை சரியாக எரியவில்லை என்பதற்கு அதைவிட நேரான அடையாளம் கிடையாது.

மறுநாள் காலை வாசல் பலகையைப் பார்த்தேன். கார்பன் மோனாக்சைடு, பச்சை.

யாரும் பொய் எழுதவில்லை. கணக்கு அப்படி. ஒரு நாளில் 48 அரைமணிகள். 46 அரைமணிகளில் 15 மில்லிகிராம், மீதி இரண்டில் 800 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி வகுத்தால் 47.7 வரும். ஒரு கன மீட்டருக்கு நாள் சராசரி வரம்பு 50. ஒரு மணி நேரம் உலை திணறிய நாளும் நல்ல நாளாகவே கணக்கில் ஏறும். இதைத் தடுக்கத்தான் அந்த உத்தரவில் அரைமணிச் சராசரிக்கு 100 என்று தனி வரம்பு இருக்கிறது. ஆனால் பலகையில் நாங்கள் காட்டியது நாள் சராசரி மட்டுமே. பலகையைப் பார்த்துவிட்டு அந்த வழியே நடந்துபோனவர்களுக்கு அந்த இரவு நடக்கவே இல்லை. அன்று நான் கையெழுத்துப் போட்டேன். பைபாஸ் விஷயத்தை மேலே எழுதிக் கொடுத்தேன், ஆனால் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றும் அன்று நடந்தது. "அனலைசரை காலிபரேஷனில் போட்டுடலாமா?" என்று என்னிடம் ஒருவர் கேட்டார். புகையை அளக்கும் கருவி அளவு சரிபார்ப்பில் இருப்பதாகக் காட்டிவிடலாமா என்று பொருள். கருவி பழுது, பராமரிப்பு என்ற காரணத்துக்காக ஒரு நாளில் ஐந்து அரைமணி எண்கள் வரை கணக்கில் சேர்க்காமல் விட விதி இடம் தருகிறது. அதற்கு மேல் போனால் அந்த நாளின் சராசரியே செல்லாது. கருவிகள் உண்மையிலேயே பழுதாகும் என்பதால் இந்த விலக்கு நியாயமானது. ஆனால் கருவியைக் கழற்றிய நேரமும் உலை திணறிய நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று வெளியாள் ஒருவர் பார்க்காதவரை அது ஒரு பின்வாசல். நான் வேண்டாம் என்றேன். எல்லா ஷிப்டிலும் எல்லாரும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என்று நான் உறுதி தர முடியாது.

பலகையில் எண் தெரிந்தால் ஆக்சிஜன் அளவையும் கேளுங்கள். புகையில் காற்றைக் கூடுதலாகக் கலந்தால் எல்லா எண்ணும் தானாகக் குறையும். அதனால்தான் எல்லாவற்றையும் 11 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது விதி. புகையில் ஆக்சிஜன் 16 சதவீதம் இருக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு 8 மில்லிகிராம் என்று கருவி காட்டினால், மாற்றிய பிறகு அது 16. அந்த உத்தரவின் நாள் சராசரி வரம்போ 10. மாற்றாத எண்ணைப் பலகையில் போட்டால் மீறலும் வரம்புக்குள் இருப்பதுபோலத் தெரியும்.

டையாக்ஸினைப் பற்றிக் கடிதம் எழுதியவர் பயந்தது நியாயம்தான், ஆனால் அவர் தேடிய எண் எந்தப் பலகையிலும் இருக்காது. டையாக்ஸினை நொடிக்கு நொடி காட்ட வழக்கமான கருவி கிடையாது. புகைபோக்கியில் குழாயைச் செருகி 6 முதல் 8 மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். வரம்பு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. முதல் ஆண்டுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை அளந்தால் போதும் என்பது அந்த உத்தரவின் குறைந்தபட்ச விதி. நன்றாக ஓடும் ஆலை வருடத்துக்கு 8,000 மணி நேரம் எரிக்கும். அதில் அதிகம் போனால் 16 மணி நேரத்தின் புகைதான் ஆய்வகத்துக்குப் போகிறது.

மாதிரி எடுக்கும் நாள் எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தால் என்ன செய்வோம் என்று சொல்லிவிடுகிறேன். நல்ல காய்ந்த குப்பையைக் குழியின் ஒரு மூலையில் ஒதுக்கி வைப்போம். புகையிலுள்ள நச்சைப் பிடிக்கும் சுண்ணாம்பும் ஆக்டிவேட்டட் கார்பனும் கொஞ்சம் தாராளமாகப் போகும். உலை அன்று அருமையாக எரியும். முடிவும் அருமையாக வரும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. புகைபோக்கியிலேயே ஒரு மாதிரிக் குப்பியை வைத்து, இரண்டு முதல் நான்கு வாரம் தொடர்ந்து உறிஞ்சவிட்டு ஆய்வுக்கு அனுப்பும் முறை இருக்கிறது. பெல்ஜியத்தில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே அதைச் செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் வெளியிட்ட தொழில்நுட்ப முடிவுகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது. அப்படி அளந்தால் நல்ல நாளைத் தேர்ந்தெடுக்க முடியாது, கெட்ட இரவும் குப்பிக்குள் வந்து சேரும்.

உலையை அணைத்துப் பற்றவைக்கும் நேரத்தையும் அந்தக் குப்பி பிடிக்கும். 850 டிகிரியில் சிதைந்த டையாக்ஸின், புகை ஆறும்போது 200-க்கும் 450-க்கும் இடையில் சாம்பல் துகள்களின் மேல் மறுபடி உருவாகும். கரி, குளோரின், தாமிரம் மூன்றும் அங்கே இருக்கின்றன. அதனால்தான் பாய்லரில் படிந்த சாம்பலை அடிக்கடி தட்டி எடுப்பதும், கார்பனும், புகையைத் துணிப்பைகளால் வடிகட்டும் பேக் ஃபில்டரும் இவ்வளவு முக்கியமாவதும். குளிர்ந்த உலையைப் பற்றவைக்கும்போது புகை அந்த ஃபில்டர் பைகளை நனைத்து அடைத்துவிடும் என்று ஃபில்டரையே பைபாஸ் செய்யும் வழக்கம் பழைய ஆலைகளில் இருந்தது. அந்தச் சில மணி நேரத்தில் வெளியேறுவது சீரான ஓட்டத்தில் வெளியேறுவதைவிடப் பல மடங்கு. குப்பை எரியாத தொடக்க நேரத்துக்கும் நிறுத்தும் நேரத்துக்கும் மட்டும்தான் வரம்பிலிருந்து விலக்கு உண்டு. தட்டில் குப்பை இன்னும் புகைந்துகொண்டிருக்கும்போதே திரையில் 'நிறுத்தம்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டால் எண்கள் கணக்கிலிருந்து நழுவிவிடும். அந்தப் பொத்தானை யார், எப்போது அமுக்கினார், அப்போது தட்டில் என்ன இருந்தது என்பதற்குப் பதிவு வேண்டும்.

சாம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரித்ததோடு குப்பை மாயமாகிவிடுவதில்லை. எடையில் நான்கில் ஒரு பங்கு வரை அடிச்சாம்பலாக மிஞ்சும். ஃபில்டரில் சேரும் பறக்கும் சாம்பல் அளவில் குறைவு, ஆனால் ஈயமும் காட்மியமும் டையாக்ஸினும் அதில்தான் செறிந்திருக்கும். அதை அடிச்சாம்பலோடு கலந்து அனுப்புவது குற்றம் என்றே நான் நினைக்கிறேன். அடிச்சாம்பலைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் கையுறை போட்டுக் கிளறிப் பாருங்கள். காகிதத்துண்டில் எழுத்தைப் படிக்க முடிந்தால் உலை ஒழுங்காக எரியவில்லை.

இதையெல்லாம் படித்து ஆலையே வேண்டாம் என்கிறேனோ என்று நினைக்க வேண்டாம். வியன்னாவின் ஸ்பிட்டலாவ் ஆலை, கோபன்ஹேகனின் அமேயர் பக்கே ஆலை இரண்டும் நகரத்துக்குள்ளேயே குப்பையை எரித்து, மின்சாரத்தோடு வீடுகளுக்கு வெப்பமும் தருகின்றன. ஈரக் குப்பையைத் தனியாகப் பிரித்து, நன்றாக நடத்தி, திறந்து காட்டினால் முடியும். நான் வேலை பார்த்த ஆலையிலும் நல்ல மாதங்கள் நிறைய இருந்தன. அவற்றைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஆலைகளைப் பற்றிச் செய்தி போடும்போது நிர்வாகம் தரும் நாள் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். அரைமணிக் கணக்கு முழுவதையும் கேளுங்கள். வருடத்தில் எத்தனை மணி நேரம் வரம்பு மீறியது என்று கேளுங்கள். மீறியபடியே தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் எரிக்கக் கூடாது, வருடத்துக்கு மொத்தம் 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அந்த உத்தரவே சொல்வதால், அதன்படி நடக்கும் ஆலையில் அந்தக் கணக்கு இல்லாமல் இருக்காது. பைபாஸ் ஆன இன்டர்லாக்குகளின் பதிவையும், அனலைசர் கழற்றப்பட்ட நேரங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் நாளிதழில் தினமும் வானிலைக்கு ஒரு சிறு கட்டம் ஒதுக்குகிறீர்கள். அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட முடியுமா? நேற்றைய 48 அரைமணிகளில் மிக மோசமான ஒன்றின் கார்பன் மோனாக்சைடு அளவும், அந்த நேரத்தில் உலையின் வெப்பமும், இரண்டு எண்கள் போதும். ஆலை தராத நாளில் 'தரவில்லை' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்ட் பொறுப்பாளர் ஒருவர்